அத்தானின் முகமும் சிவப்பு நூலும்

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் ‘ரிஜிஸ்தர்’. அப்படிக் கூப்பிட்டால் அவர் கோபப்பட மாட்டார், பெருமைப்படுவார். அவருடைய விவரம் அவ்வளவுதான்.

அக்கா பாத்திரம் தேய்க்கும் பொடி செய்து விற்கிறாள். பின்னறையில் ஒரு அண்டா, சல்லடை, தராசு, மூக்கில் கட்டிக்கொள்ளப் பழைய துணி. அடிப்பிடித்துக் கருகிய சட்டிகூட அவள் பொடி பட்டால் பளிச்சென்று ஆகிவிடும். இடிப்பது, சலிப்பது, கலப்பது, கடைகளுக்குச் சுமப்பது எல்லாம் அவள்தான். அத்தானுக்கு மேற்பார்வை. நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டுவதற்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

பொடிக்கு ஒரு மார்க் வைத்துப் பதிவு செய்யாவிட்டால் எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. லேபிளில் பாத்திரம் தேய்க்கிற கை ஒன்றைப் போடலாமே என்று அக்கா கேட்டாள். கையை எவன் மதிப்பான் என்று சொல்லித் தன் முகத்தைப் போட்டார். பச்சைப் பின்னணி, முறுக்கிய மீசை, தலையைச் சுற்றிச் சூரியக் கதிர்கள். அந்த மீசைக்காரர் பிறந்ததிலிருந்து ஒரு கரண்டி கழுவியதில்லை. வக்கீலைப் பிடித்துப் பதிவும் வாங்கிவிட்டார். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர். அக்கா எங்கேயும் இல்லை. சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். பின்னறை ஜன்னலில் கண்ணாடி உடைந்து மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தது, அதற்குப் போடவில்லை.

பிறகு ஆரம்பித்தது கூத்து. லேபிளின் பச்சை, பதிவான பச்சையோடு அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டுமாம். அச்சகக்காரர் கொண்டுவந்த முதல் லேபிளை அத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கருத்திருக்கிறது என்று திருப்பியனுப்பினார். அடுத்தது வெளுத்திருந்தது. அதற்கடுத்ததில் மீசை மெலிந்திருந்தது. சரியான லேபிள் வரும்வரை ஒரு பொட்டலத்திலும் ஒட்டக் கூடாது, மார்க்கின் மானம் போய்விடும் என்று உத்தரவு போட்டார். கடைக்காரர்கள் காத்திருப்பார்களா? அக்கா வெறும் பையில் பொடியை நிரப்பி, வாயைச் சிவப்பு நூலால் கட்டி அனுப்பினாள். தையல் டப்பாவில் அப்போது இருந்தது அந்த நூல்தான். அதுவே வழக்கமாகிவிட்டது.

அத்தான் மார்க்குக்குக் காவல் காத்தார். ஒரு சலூன் பலகையில் மீசைக்காரன் படம் இருந்ததைப் பார்த்து, உள்ளே போய் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். சலூன்காரர் அசரவில்லை. வேண்டுமானால் உங்கள் மீசையை எடுத்துவிடுகிறேன், குழப்பம் வராது என்றார்.

வருஷங்கள் இப்படியே ஓடின. ஒரு பெரிய சோப்புக் கம்பெனி தன் புது லேபிளில் சூரியக் கதிர் போட ஆசைப்பட்டது. அத்தானின் மார்க் குறுக்கே நின்றது. இதை யாரும் உபயோகிப்பதே இல்லை, பதிவை நீக்குங்கள் என்று மனுப் போட்டுவிட்டது. பதிந்தால் மட்டும் போதாது, பொருளில் போட்டு விற்கவும் வேண்டும், லேபிளோடு விற்ற ஒரு பொட்டலமாவது காட்டுங்கள் என்றார் வக்கீல். அத்தான் கடைகடையாக ஓடினார். லேபிளை நீட்டினால், இது யார் படம் என்று அவரிடமே கேட்டார்கள். அங்கே விற்பது சிவப்பு நூல் பொடியாம். கடைசியில் அக்காவிடம் வந்து நின்றார்.

“லேபிள் ஒட்டித்தான் வித்தோம்னு வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்.”

“நீங்கதானே ஒட்டக் கூடாதுன்னீங்க? நான் பொய் சொல்ல மாட்டேன்.”

பதிவு போயிற்று. போன சூட்டிலேயே, சிவப்பு நூலைத் தன் பெயரில் பதிந்துவிடலாம் என்று கிளம்பினார். வெட்கம் மருந்துக்கும் இல்லை. இதுவும் அவர் பெயருக்குப் போனால், அக்கா தன் பொடிக்கே கூலிக்காரி. என்றுமில்லாத திருநாளாக அக்கா நானும் வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

வக்கீல் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தனை வருஷமா இதைக் கட்டி விக்கிறது யாரு?”

“நாங்கதான்” என்றார் அத்தான்.

“நாங்கன்னா யாரு?”

அத்தான் மின்விசிறியைப் பார்த்தார்.

“நான்தான் சார்” என்றாள் அக்கா. “கையெழுத்தும் நானே போடறேன்.” வக்கீல் மேஜையில் இருந்த பேனாவை அவளே எடுத்துக்கொண்டாள்.

இப்போதும் அத்தானுக்கு அதே நாற்காலிதான். ஆனால் மடியில் பைகள், கையில் நூல்கண்டு. நேற்று அவர் கட்டிய பொட்டலம் ஒன்றை அக்கா ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“முடிச்சு சரியில்லைங்க. அவுத்துக் கட்டுங்க.”

அவிழ்த்துக் கட்டினார்.