இருநூற்றைம்பத்தாறில் பாதி

போசரித் தொழிற்பேட்டையில், தகடு அடிக்கும் பிரெஸ் டூல் செய்யும் பட்டறை ஒன்றில் பானு ஒன்பது வருஷம் டிராயிங் போட்டாள். அடையாள அட்டையில் ‘டிராஃப்ட்ஸ்மேன்’ என்றே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். மாற்றச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். தொண்ணூற்றொன்பதில் பட்டறையை மூடினார்கள். அவள் போடும் அளவில் பிழை வராது என்று தெரிந்த சிலர் மட்டும் வேலையை விஷ்ராந்த்வாடி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரோ விற்ற பழைய கம்ப்யூட்டரை வாங்கி, அதில் வரைந்தாள்.

அதில் இருந்த ரேம், அதாவது மெமரி, முப்பத்திரண்டு எம்பி. தனித்தனிப் பாகமாக வரையும்வரை ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்த முழுப் படத்தைத் திறந்துவிட்டால் போதும், ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்க ஆரம்பித்துவிடும். ஒரு வட்டத்தை நகர்த்தச் சொல்லிவிட்டு, சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் பாதி வட்டம்தான் நகர்ந்திருக்கும்.

2001 ஜூனில் கோக்லே என்ற பட்டறைக்காரர் நாற்பது தாள் டிராயிங் வேலை ஒன்றைத் தருவதாகச் சொன்னார். ஜூலைக் கடைசிக்குள் வேண்டும். பானு புதுக் கம்ப்யூட்டர் கட்டுவதென்று தீர்மானித்தாள். கேபினெட், மானிட்டர், டிஸ்க் எல்லாம் ஒரே நாளில் முடிவாயின. மதர்போர்டு, தடங்கலில்லாமல் ஓடும் என்று பேரெடுத்த, முந்தைய வருஷத்து மாடல். ரேம்தான் இழுத்தது.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் தப்கீர் கல்லியில் ரேம் கடைக்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. சுமை தூக்கக் கூட வந்திருந்த அவள் கணவன் கந்தசாமியிடம், “கேம் ஆடவா சாப், லெட்டர் அடிக்கவா?” என்று இந்தியில் கேட்டார். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கந்தசாமிக்குக் கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாது. அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“டிராயிங் போட. எனக்கு. இருநூற்றைம்பத்தாறு, ஒரே துண்டாக வேண்டும்” என்ற பானு, போர்டின் பேரையும் சொன்னாள். போர்டில் ரேம் மாட்ட இருந்தது இரண்டே இடம். நூற்றிருபத்தெட்டாக இரண்டு வாங்கினால் இரண்டும் அடைந்துவிடும். நாளைக்கு எதையும் சேர்க்க முடியாது.

“அவ்வளவு எதுக்கு சாப்?” என்று கந்தசாமியிடமே கேட்டுவிட்டு, அந்தப் போர்டுக்குப் பொருந்தும் என்று எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் பொருத்தி சுவிட்சைப் போட்டாள். திரையில் எண்கள் கடகடவென்று ஏறி 131072-இல் நின்றன. நூற்றிருபத்தெட்டு எம்பி; பாதி. கழற்றிப் பக்கத்து இடத்தில் மாட்டினாள். அதே எண்.

மறுநாள் மழையில் ரேமை எடுத்துக்கொண்டு ஓடினாள். கடைக்காரர் தன் மெஷினில் செருகினார். 262144 என்று முழுசாகக் காட்டியது. “பார்த்தீங்களா, என் சரக்கு சோக்கா இருக்கு. போர்டுலதான் கோளாறு.” போர்டு விற்றவர் அதே தெருவில் நாலு கடை தள்ளி. கேபினெட்டைக் கொண்டுவரச் சொன்னார். பானுவும் கந்தசாமியுமாக அதைப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் தன்னிடம் இருந்த ரேமைப் போட்டுக் காட்டினார். 262144. “என் போர்டு முழுசா எண்ணுது மேடம். மெமரிதான் கோளாறு.”

இருவர் சொன்னவையும் கண்ணெதிரே நிஜமாக இருந்தன. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இப்படியே மூன்று வாரம் இழுத்தது; கோக்லே கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்று சொல்லி வைத்தாள். மூன்றாம் தடவை போனபோது ரேம் கடைக்காரர் கந்தசாமியின் தோளில் கைவைத்து, “வீட்டுல யாரோ கை வெச்சிருக்காங்க சாப்” என்றார்.

பஸ்ஸில் கந்தசாமி தயங்கித் தயங்கிக் கேட்டான். “நீ இன்னாவாச்சும் தொட்டியா பானு?”

“தொடாம எப்படி மாட்டறது? கண்ணாலயா?” என்றாள் பானு.

அன்று மாலை போர்டோடு வந்த மெல்லிய கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மோசமான இங்கிலீஷ். இருபத்து மூன்றாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது. இந்தப் போர்டுக்கு, ரேமில் பதித்திருக்கும் ஒவ்வொரு சில்லும், அதாவது சிப்பும், இவ்வளவுக்கு மேல் கொள்ளக் கூடாது. 256 வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லு இருக்க வேண்டும். அவள் ரேமைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் எட்டு. மறுபக்கம் மொட்டை. ஒவ்வொரு பெரிய சில்லிலும் பாதியைத்தான் போர்டு பார்த்திருக்கிறது. கடைக்காரரின் மெஷின் புது மாடல். அதனால் முழுசாக எண்ணியிருக்கிறது. போர்டு விற்றவர் போட்டுக் காட்டியது பதினாறு சில்லு ரேமாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் இதற்காகவா என்று அழுகை முட்டியது. ஒரு தாளை எடுத்து இரண்டு விதமான ரேமையும் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று ஸ்கேல் வைத்து வரைந்தாள். மறுநாள் தனியாகவே போனாள்.

“சாப் வரலியா?” என்றார் கடைக்காரர்.

“வரலை. இதைப் பாருங்க” என்று தாளையும் கையேட்டையும் மேஜைமேல் விரித்தாள். அவர் படித்தார்; மறுபடி படித்தார். புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும், “வித்த மெமரியைத் திருப்பி எடுக்கறதில்ல மேடம்” என்றார்.

“போர்டு பேரைச் சொல்லித்தானே கேட்டேன்? பொருந்தும்னு சொன்னது நீங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வந்த வாடிக்கையாளர்கள் அவளைத் தாண்டி எட்டி எட்டிப் பேச வேண்டியிருந்தது. ஒரு பையன் அந்தத் தாளை எட்டிப் பார்த்து, “பதினாறு சில்லுதான் வாங்கணுமா?” என்று விசாரிக்கவும் ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் கழித்துக் கடைக்காரர் உள்ளேயிருந்து பதினாறு சில்லுத் துண்டைக் கொண்டுவந்து வைத்தார். தவறு தன்னுடையது என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் மாட்டினாள். 262144. உடனே கோக்லேவுக்குப் போன் செய்தாள்.

“அரே பானுதாய், நீங்க ரெண்டு வாரமா நாளைக்கு நாளைக்குன்னு சொன்னீங்க. வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேனே” என்றார் அவர். ‘தாய்’ என்று மராத்தியில் அக்கா முறை வைத்துத்தான் பேசினார்; குரலில் கோபம்கூட இல்லை.

கந்தசாமி டீயைக் கொண்டுவந்து வைத்தான். “இப்ப சரியாப் போச்சா?”

“சரியாப் போச்சு. வேலதான் போச்சு.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். “அன்னிக்கு உன்னைக் கேட்டிருக்கக் கூடாது நான்” என்றான். பானு மெஷின் பக்கம் திரும்பினாள். கோக்லே மாதிரிக்குக் கொடுத்திருந்த முழுப் படத்தைத் திறந்தாள். மூன்று நொடியில் திறந்தது. வட்டத்தை நகர்த்தினாள், நகர்ந்தது. எரிச்சல் இன்னும் அதிகமானது. மூடிவிட்டு, டீயைக் குடித்தபடி, போசரியில் வேறு யாருக்குப் போன் செய்யலாம் என்று டைரியைப் புரட்ட ஆரம்பித்தாள்.