மாமா அளந்த மூக்கு

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மூக்கு. தாத்தா விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். அம்மாவுக்கும் மாமாவுக்கும் எனக்கும் அதை வஞ்சனையில்லாமல் பங்கு வைத்திருந்தார். அந்த மூக்குக்காகத்தான் மாமா என்னை ஊர் பார்க்கக் கடைசிப் படியில் நிறுத்தினார். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் ஆறாம் வகுப்பு. திருப்பாதிரிப்புலியூரில் நான் படித்த பள்ளியிலேயே மாமா அறிவியல் வாத்தியார். கடலோரக் குப்பங்களில் வீடு கட்டிக்கொடுக்க வந்திருந்த ஜெர்மன்கார அம்மா ஒருவர் எங்கள் பள்ளிக் கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினர் என்று முடிவானது. வருகிறவர் மனம் குளிர அவர் நாட்டுச் சரக்கு ஒன்றாவது வைக்க வேண்டாமா? மாமா சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிப் போய், பழைய புத்தகக் கடையில் தேடி, ஒரு தடித்த புத்தகத்தோடு திரும்பினார். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன் பேராசிரியர் எழுதி, இங்கிலீஷில் வந்தது. மண்டையின் நீளம், மூக்கின் அகலம், தோலின் நிறம் எல்லாவற்றையும் அளந்து, மனிதர்களை மேல் இனம், கீழ் இனம் என்று அடுக்கியிருந்தார் அந்த மகான்.

மாமா அதைச் சார்ட்டில் ஐந்து படிகளாக வரைந்தார். அது போதாதென்று, ஆய்வகத்தில் இரும்புக் குண்டுகளை அளக்கிற வெர்னியரை எடுத்துவந்து வகுப்பறையில் எங்கள் மூக்குகளை அளந்தார். மூக்கில் பட்டபோது சில்லென்று இருந்தது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் சன்னதித் தெருச் சிநேகிதிக்கு முதல் படி. எனக்குக் கடைசிப் படி. கழுத்தில் ‘5’ என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு நான் சார்ட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

“மாமா, என்ன வேற எடத்துல நிக்க வையுங்க மாமா.”

“சயின்ஸ்ல சொந்தக்காரங்கன்னுலாம் பாக்க முடியாதும்மா.”

தன் மூக்கை மட்டும் அவர் அளக்கவில்லை. அதைக் கேட்கத்தான் அம்மா சண்டைக்குப் போனாள். “ஏன்டா, ஒம் மூக்கும் அவ மூக்கும் ஒண்ணுதானே, நீ போயி நில்லேன் அங்க!” மாமா சிரித்து மழுப்பிவிட்டார். நானோ ஒரு வாரம் துணி காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினேன். மூக்கு சிவந்ததுதான் மிச்சம்.

இது என்ன கூத்து என்று பள்ளியில் ஒருவராவது கேட்டாரா? தலைமையாசிரியர் மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். பார்க்க வந்த பெற்றோர்கள் படிகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, “கரெக்டாத்தான் சார் வந்துருக்கு” என்றார்கள். வராமல் என்ன செய்யும்? ஜெர்மன்காரர் அத்தனை பாடுபட்டு அளந்து சொன்னதை, நம் ஆட்கள் தெருப் பெயரைக் கேட்டே சொல்லிவிடுவார்களே. வெட்கங்கெட்ட ஜனங்கள்!

விருந்தினர் வந்தார். மாலை போட்டார்கள், சந்தனம் கொடுத்தார்கள். மாமா அவரை நேராக எங்களிடம் அழைத்து வந்து, “மேடம், யுவர் கண்ட்ரி சயின்ஸ்” என்றார் வாயெல்லாம் பல்லாக. அவர் சார்ட்டை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏற்கெனவே வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. இங்கிலீஷில் என்னவோ படபடவென்று சொன்னார். இங்கிலீஷ் டீச்சர் அதை மாமாவின் காதோரம் தமிழில் சொன்னார். “இப்பிடி அளந்து அளந்துதான் எங்க ஊர்ல லட்சக்கணக்கான ஜனங்களக் கொன்னாங்கன்றாங்க சார். ஒடனே கழட்டச் சொல்றாங்க.” இது எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து, அம்மா சொல்லித்தான். மேடத்துக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று தலைமையாசிரியர் அன்றைக்கு எல்லோரையும் சமாதானப்படுத்தினார். சார்ட்டில் கலர் சரியில்லையோ என்று மாமா கவலைப்பட்டார்.

அந்த அம்மா என் முன்னால் மண்டியிட்டு அட்டையைக் கழற்றினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் என் மூக்கைப் பார்த்து வருத்தப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அந்தக் கூடம் நிறைய இருந்தார்கள்.

மூக்கைக் கையால் மூடிக்கொண்டு, “சாரி மேடம்” என்றேன் நான்.