நெடுங்கேணி நேசனின் லண்டன் பதிப்பு

எங்கள் வரலாற்று டீச்சருக்குப் பாடப்புத்தகத்தை வாசித்து விளங்கப்படுத்துவதில் அலுப்பு வந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரை இரண்டே பாடவேளைகளில் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் வந்து எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்தார். குழுவுக்கு ஒரு பத்திரிகை தயாரிக்கச் சொன்னார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே வெளிவந்த பத்திரிகை போல இருக்க வேண்டும். செய்தி, படம், ஆசிரியர் தலையங்கம், விளம்பரம் எல்லாம் வேண்டும். நல்லவற்றைப் பாடசாலைக் கண்காட்சியில் வைப்பார்கள், கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து முதலாம், இரண்டாம் இடங்களைச் சொல்வார் என்றார். நாங்கள் அப்போது பத்தாம் ஆண்டு. நெடுங்கேணியில் எங்கள் வகுப்பறைக்குப் பின்னால் காடு தொடங்கும். பாடம் அலுத்தால் குரங்குகளைப் பார்க்கலாம்.

எங்கள் குழுவில் நானும் ஒரு தோழியும் இரண்டு பையன்களும் இருந்தோம். தோழி தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வந்து பெரியம்மா வீட்டில் நின்று படித்தவள். கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்பதால் எழுதும் வேலை அவளுக்கு. பையன்களில் ஒருவன் எதைப் பார்த்தாலும் கீறிவிடுவான், படங்கள் அவனுக்கு. மற்றவனுக்கு வாய் மட்டும்தான் இருந்தது. அவனை விளம்பரப் பகுதிக்குப் பொறுப்பாக்கினோம். எனக்கு எழுத்தும் வடிவில்லை, படமும் வராது. ஆகவே என்னை ஆசிரியராக்கினார்கள்.

பத்திரிகைக்கு 'நெடுங்கேணி நேசன்' என்று பெயர் வைத்தோம். அதற்கே ஒரு நாள் போனது. போரில் எந்த இடத்தை எடுப்பது என்று கேட்டபோது நால்வரும் ஒரே நேரத்தில் லண்டன் என்றோம். ஜேர்மன் விமானங்கள் லண்டன்மீது குண்டு போட்டதைப் புத்தகம் அரைப் பக்கத்தில் சொல்லியிருந்தது. தவிரவும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வெளியூர் லண்டன்தான். விளம்பரக்காரனின் மாமா அங்கே இருந்தார். குண்டு விழுந்த இடங்களின் படம் அனுப்பச் சொல்லி அவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போட்டோம். மாமா தான் வேலை செய்யும் கடையின் படத்தையும், பனியில் நின்று எடுத்த தன்னுடைய படத்தையும் அனுப்பினார். குண்டு விழுந்த இடமெல்லாம் இப்போது எங்கள் ஆட்கள்தான் கடை வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். அதைச் செய்தியாக்க முடியவில்லை.

விளம்பரக்காரன் உண்மையாகவே விளம்பரம் சேர்க்கப் போய்விட்டான். சந்தைப் பக்கத்தில் மா அரைக்கும் மில் வைத்திருந்தவர் ஒரு விளம்பரத்துக்கு ஒப்புக்கொண்டார். ஆனால் தன்னுடைய கைத்தொலைபேசி இலக்கம் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்தக் காலத்தில் கைத்தொலைபேசி ஏது என்று இவன் விளங்கப்படுத்த, இலக்கம் இல்லாத விளம்பரத்தால் தனக்கு என்ன பயன் என்று அவர் கேட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் இலக்கத்தைப் போட்டு, கீழே சிறிய எழுத்தில் 'இந்த இலக்கம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின் இயங்கும்' என்று எழுதினோம். அவன் இராசிபலனும் எழுதினான். ஜேர்மன் சர்வாதிகாரிக்கு அட்டமத்துச் சனி நடக்கிறது, கிழக்குத் திசைப் பயணம் கூடாது என்று போட்டிருந்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கப் படத்தில்தான் பிரச்சினை வந்தது.

ஓவியன் முன்பக்கத்துக்கு ஒரு பதுங்குகுழி கீறினான். தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் படியிறங்கி உள்ளே போகிறார்கள், மேலே விமானங்கள் பறக்கின்றன. சனிக்கிழமை அவன் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து நால்வரும் வேலை செய்துகொண்டிருந்தோம். அவனுடைய குடும்பம் தாத்தா காலத்தில் மலையகத்திலிருந்து வந்தது. இப்போது வயல் செய்கிறார்கள். அவன் அம்மா மிளகாய் காயப்போட வந்தவர், படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“இந்த வாசல் நேரா இருக்கே,” என்றார். “வெளியில குண்டு விழுந்தா சிதறல் நேரா உள்ளுக்கு வந்திரும். 'ட' மாதிரி வளைச்சு வெட்டணும்.”

ஒரு தடியை எடுத்து மண்ணில் 'ட' எழுதிக் காட்டினார். இது வாசல், இது வளைவு, இங்கே ஆட்கள் இருக்க வேண்டும் என்றார். பக்கத்து வளவில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த ஐயா வேலியால் எட்டிப் பார்த்து, மேலே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். ஓவியன் பலகை என்றான். பலகை அந்தப் பாரத்தைத் தாங்காது, பனைமரத்தைத் தறித்த பனங்குத்திதான் தாங்கும் என்று ஐயா சொன்னார். தண்டவாளத்துச் சிலிப்பர்க்கட்டை அதைவிடத் திறம் என்று அம்மா சொன்னார். இருவரும் அரை மணித்தியாலம் வாதாடினார்கள். கட்டைக்கு மேல் எத்தனை அடி மண், மழை பெய்தால் தண்ணீர் எங்கே வடியும், உள்ளே பாம்பு வந்தால் யார் முதலில் வெளியே வருவது என்று பேச்சு எங்கெங்கோ போனது. பாம்புக் கதையில் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மிளகாயைக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன.

நாங்கள் நால்வரும் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் யுத்தம் முடிந்தபோது எங்களில் மூத்தவனுக்கே மூன்று வயது. எங்கள் வீடுகளில் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. கேட்டால் அது முடிந்த கதை, போய்ப் படி என்பார்கள். இப்போது லண்டன் என்று ஒரு வார்த்தையைச் சொன்னதும் கதை தானாக வந்தது. அவர்கள் லண்டன்காரனுக்கு உதவி செய்தார்கள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டோம். ஆசிரியர் என்ற முறையில் நான் நிருபர்களை அனுப்பினேன். கேள்வியை இப்படித்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி வைத்தோம்: லண்டனில் சண்டை நடந்தபோது சனங்கள் எப்படிச் சமாளித்திருப்பார்கள்?

செய்திகள் குவிந்தன. லண்டனில் மின்கலம் கிடைக்காத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். சுற்றுகிறவருக்குக் கை நோகும்போது செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துவிடும். முக்கியமான செய்தி எப்போதும் அந்த இடத்தில்தான் வரும். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த சிக்கன விளக்கில் லண்டன் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். பத்திரிகைத்தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்தார்கள். இது எங்கள் தொழில் சார்ந்த விஷயம் என்பதால் பெட்டி கட்டிப் போட்டோம். என் அப்பா லண்டன்காரர்கள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியதைப் பற்றி ஒரு பக்கம் சொன்னார். புகையைப் பார்த்தே வருவது யார் என்று ஊருக்குத் தெரியுமாம்.

அம்மாவிடம் நான் கடைசியாகத்தான் கேட்டேன். அவர் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். லண்டனில் பதுங்குகுழியைச் சுற்றி அடுக்கும் மண்மூடைக்குச் சாக்கு எங்கிருந்து எடுத்திருப்பார்கள் என்று கேட்டேன். ஆவி பறந்த நீத்துப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

“முதல் உரப்பை இருந்திருக்கும். அது முடிய சீலைதான். நான் என்ர சீலையெல்லாத்தையும் வெட்டித் தைச்சனான். கூறையைக் கடைசி மட்டும் வைச்சிருந்தன், பிறகு அதையும்தான். உன்னைக் காலில கிடத்திக்கொண்டு தைச்சது.”

கூறை என்றால் கல்யாணச் சேலை. அதன் நிறம் என்ன என்று கேட்டேன். அரக்கு என்றார். சரிகைக் கரை இருந்ததாம். மண் நிரப்பி அடுக்கியபோது வெயிலில் அது மட்டும் மினுங்கியது, மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியப் போகிறது என்று அப்பா பயந்து, சரிகை உள்ளே போகும்படி மூடையைத் திருப்பி வைத்தார் என்று சொன்னார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டு அலுமாரியில் கல்யாணப் படம் இல்லாததும் கூறை இல்லாததும் எனக்கு அதுவரை கேள்வியாக எழுந்ததில்லை. அன்று அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். கேட்காமல் செய்ததால் எனக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார்.

லண்டன் பெண்கள் சேலை உடுப்பதில்லை என்று கையெழுத்துக்காரி சொன்னாள். ஆனாலும் எழுதினாள். அரக்கு நிறத்தையும் சரிகையையும் விடாமல் எழுதினாள்.

கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் நான்காம் பக்கத்தில் பாதி வெறுமையாக இருந்தது. மரண அறிவித்தல் பக்கத்தை எழுதுகிறேன் என்று விளம்பரக்காரன் ஏற்றிருந்தான். மரண அறிவித்தல் இல்லாத பத்திரிகையை எங்கள் ஊரில் யாரும் வாங்கமாட்டார்கள் என்று வாதாடியவனும் அவன்தான். கிரிக்கெட் விளையாடப் போய் மறந்துவிட்டான். தப்புவதற்காக அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னான்: 'இடம் போதாமையால் மரண அறிவித்தல்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.' மிச்ச இடத்தில் ஓவியன் ஒரு தென்னைமரம் கீறினான்.

டீச்சர் ஆசிரியர் அறையில் வைத்து அதை வாசித்தார். நாங்கள் யன்னலுக்கு வெளியே நின்றோம். இராசிபலனில் சிரித்தார். மில் விளம்பரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான்காம் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பிழை பிடித்துவிட்டார் என்று பயந்து நான் உள்ளே போய், அந்த வரியை எடுத்துவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். பிறகு பத்திரிகையைப் பாடசாலை அதிபரிடம் கொண்டுபோனார். நாங்களும் பின்னால் போனோம். அதிபர் எதையும் சிவப்புப் பேனையோடு வாசிப்பவர். இது கண்காட்சிக்குப் போகுமா போகாதா என்பது அவர் கையில் இருந்தது.

“இதென்ன சண்டை, பிள்ளை?” என்று என்னைக் கேட்டார்.

“இரண்டாம் உலகப்போர், சேர்.”

“எங்க நடந்தது?”

“லண்டனில, சேர்.”

இரண்டாம் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மண்ணெண்ணெயில ஓடினது சரி. ஆனா வெளிக்கிடேக்க ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட வேணும். அதை எழுதாட்டி லண்டன்காரன் எப்பிடி ஸ்டார்ட் பண்ணுவான்?” என்று சொல்லி, ஓரத்தில் சிவப்பால் அதை எழுதி, கையெழுத்தும் வைத்துத் தந்தார். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, பெற்றோல் இல்லாமலே ஸ்டார்ட் பண்ணத் தெரிந்தவர்களும் லண்டனில் இருந்தார்கள் என்றார்.

கண்காட்சியன்று எங்கள் நான்கு பக்கங்களையும் பிரிஸ்டல் அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினோம். பெற்றோர் வரத் தொடங்கினார்கள். முதலில் ஓவியனின் அம்மா வந்தார். மகனின் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, பதுங்குகுழிக்கு ஓர் அம்புக்குறி போட்டு, காற்று வர ஓட்டை எங்கே என்று எழுதினார். அதிபரின் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, எழுதலாம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பேனை கைமாறிக்கொண்டே போனது. லண்டனில் சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்ததை ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். சவர்க்காரம் இல்லாத காலத்தில் லண்டன் பெண்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்ததையும், கொடியில் காயப்போட்ட உடுப்பை அந்த வாசனைக்கு மாடுகள் வந்து சப்பியதையும் இன்னொருவர் எழுதினார். துணுக்காயிலிருந்து மருமகளோடு வந்த ஒருவர், தங்கள் பக்கத்து லண்டனிலும் அப்படித்தான் என்று கீழே உறுதிப்படுத்தினார். மதியத்துக்குள் ஓரங்கள் நிறைந்து, வரிகளுக்கு நடுவிலும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நான்காம் பக்கத்தில் அந்த ஒரு வரியைச் சுற்றி மட்டும் யாரும் எதுவும் எழுதவில்லை. சிலர் அதை வாசித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போகக் கொஞ்சநேரம் எடுத்தார்கள்.

அதிகாரி வந்தபோது எங்கள் பத்திரிகையின் முன்னால்தான் கூட்டம். அவர் எட்டி எட்டி வாசித்தார். லண்டனில் பனம்பழம் எங்கிருந்து வந்தது என்று எங்களைக் கேட்டார்.  விளம்பரக்காரன் அசையாமல், “இறக்குமதி, சேர்,” என்றான். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

எங்களுக்கு இரண்டாம் இடம். இணையத்திலிருந்து படங்கள் எடுத்து ஒட்டி, பழைய பத்திரிகை மாதிரித் தெரியத் தாளின் ஓரங்களை எரித்திருந்த குழுவுக்கு முதலாமிடம். எங்கள் தகவல்கள் சுவையானவை, ஆனால் உறுதிப்படுத்த முடியாதவை என்று அதிகாரி சொன்னாராம். டீச்சர் அதை எங்களிடம் சொல்லும்போது முகத்தை மிகவும் கவனமாக வைத்திருந்தார். விளம்பரக்காரனுக்கு மட்டும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், எல்லோரும் எழுதிய பத்திரிகை அந்த மண்டபத்தில் எங்களுடையது மட்டும்தான் என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

நான் இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பார். சாப்பாடு, வயல், அயலில் யாருக்குக் கல்யாணம் என்று சொல்லி முடித்த பிறகு சில நாள்களில், “லண்டனில” என்று தொடங்குவார். எங்கள் வீட்டில் அந்தக் காலத்துக்கு அதுதான் பெயர். அப்பாவும் அப்படித்தான் சொல்கிறார். போன கிழமை அம்மா ஒரு பெட்டை ஆட்டைப் பற்றிச் சொன்னார். விமானச் சத்தம் மனிதருக்குக் கேட்பதற்கு முதலே அதற்குக் கேட்டுவிடுமாம். கயிற்றை அறுத்துக்கொண்டு எல்லோருக்கும் முதல் பதுங்குகுழிக்குள் போய், நடுவில் வசதியாகப் படுத்துவிடும். காதைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தால்தான் மற்றவர்கள் இருக்கலாம். அது ஓடுவதைப் பார்த்துத்தான் அயலில் எல்லோரும் பங்கருக்குள் இறங்குவார்களாம்.

பிறகு ஆட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

“ஊரை விட்டு வெளிக்கிடேக்க அவிட்டு விட்டனான். காட்டுப் பக்கமா ஓடினது. எங்களை விட அதுக்குத்தான் நல்லா ஓடத் தெரியும்,” என்றார். அதற்குள் அப்பா தொலைபேசியை வாங்கி, அது அம்மா சொல்வது போலப் பெட்டை ஆடல்ல, கிடாய் என்று திருத்தினார்.