பத்து மாத ஜெபமும் ஒரு ‘மாசிபோ’வும்

என்னைப் போலவே பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு ஓடிப் போய் கம்பெனி பஸ் ஏறுகிற விசுவாசத் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன். கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் எனக்கு ஆண்டவர் மேலேயே எரிச்சல் இருந்தது. அதை மறைத்துவிட்டுச் சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சி.

என் மகள் ஷைனிக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. நானும் என் கணவர் சாமுவேலும் சாத்தான்குளம் பக்கத்துக்காரர்கள். இரண்டு பேருக்கும் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் வேலை. அவருக்கு ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ், எனக்கு இன்னொரு கம்பெனியில் அசெம்பிளி லைன். ஷிப்ட் மாறி மாறி வரும். ஆறு வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். ஷைனியை ஒரு வயதிலிருந்தே பக்கத்து வீட்டு சபிதாதான் பார்த்துக்கொண்டாள். அவள் கணவன் வெல்டர், வடக்கேயிருந்து வந்தவர்கள். அவளுக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை இருக்கும். எனக்கு அவள் பாஷையில் அதுவும் தெரியாது. வடக்கேயிருந்து வருகிற எல்லோரையும் இங்கே இந்திக்காரங்க என்றுதான் சொல்லுவோம். நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஷைனி ஊமையாக இருந்திருந்தால்கூட மனசு ஒரு வழியாக ஒத்துக்கொண்டிருக்கும். அவள் சும்மா இருக்கவே மாட்டாள். எந்நேரமும் ஏதோ உளறுவாள். ஆனால் ‘அம்மா’ இல்லை, ‘அப்பா’ இல்லை. நான் வேலை முடிந்து வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என்னைப் பார்த்ததும் ‘மாசிபோ, மாசிபோ’ என்று கத்துவாள். எட்டு மணி நேரம் நின்று கால் வீங்கி வருகிற என்னைப் பார்த்து இவள் ‘போ’ என்கிறாளே என்று எத்தனை நாள் அழுதிருக்கிறேன் தெரியுமா? பெற்ற தாயைப் போ என்று சொல்லத்தான் இவளுக்கு வாய் திறக்கிறதா என்று கோபமும் வரும்.

ஒருவேளை இந்தியில் பேசுகிறாளோ என்று எங்களுக்கும் தோன்றாமல் இல்லை. சாமுவேல் ஸ்டோர்ஸில் வடக்கத்திப் பையன்களோடு பழகி நாலு வார்த்தை இந்தி கற்று வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பெரிய நீதிபதி மாதிரி, “இது இந்தி இல்ல. சும்மா உளறுதா” என்று தீர்ப்புச் சொன்னார். நானும் நம்பினேன்.

அன்றிலிருந்து ஜெபம்தான். சபையில் விண்ணப்பம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை உபவாசத்தில் எல்லாரும் அவள் தலையில் கை வைத்து, கட்டப்பட்ட நாவு அவிழட்டும் என்று ஜெபித்தார்கள். நானும் தினமும் அதையே ஜெபித்தேன். ஒருநாள் ஷைனி ‘காபி’ என்று தெளிவாகச் சொன்னாள். சபையே கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. அதற்குப் பிறகு அவள் ‘காபி’ என்று கேட்கும்போதெல்லாம் பாலில் துளி டிகாக்‌ஷன் விட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவாள். கேட்பதும் நீ, தள்ளுவதும் நீயா என்று திட்டுவேன்.

இன்னொரு வெள்ளிக்கிழமை எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது இவள் நடுவில் நின்றுகொண்டு ‘மாசிபோ, சோயிபி, சோயிபி’ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள். எங்கள் சபையின் தவமணி சிஸ்டர், பிள்ளை பரிசுத்த ஆவி இறங்கி அந்நிய பாஷையில் பேசுகிறாள் என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நான் மட்டும் அழவில்லை. ஆண்டவரே, முதலில் சாதாரண பாஷையைக் கொடும், அந்நிய பாஷையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஜெபிப்பதோடு நிற்கவில்லை, டாக்டரிடமும் போனோம். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் அம்மாவிடம் அனுப்பினார்கள். அங்கே கொடுத்த படிவத்தில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்று ஒரு கேள்வி இருந்தது. தமிழ் என்று எழுதினேன். பிள்ளை பகலெல்லாம் இருப்பது எந்த வீட்டில் என்று அந்தப் பேனாவைப் பிடித்திருந்த கை ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அடுத்த முறை வரும்போது அவள் எழுப்பும் சத்தங்களைப் போனில் பதிவு செய்து கொண்டுவரச் சொன்னார்கள்.

இதற்குள் ஆளாளுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டு ஓனர் அமுதா அக்கா இந்த ஊர்க்காரர். ஒருநாள் என்னை நிறுத்தி, “அந்த இந்திக்காரி வூட்ல புள்ளய வுட்டா அது இன்னாத்த பேசும்? எப்பப் பாரு செல்லுல படம் பாத்துகினு கீது” என்றார். எட்டிப் பார்த்தேன். உண்மைதான், ஷைனி கையில் சபிதாவின் போன் இருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வேண்டாம் என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். சபிதா ஷைனியின் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்துத் தட்டில் சோறு பிசைந்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். நான் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டேன்.

சாத்தான்குளத்திலிருந்து என் மதினி, சாமுவேலின் அக்கா, போன் மேல் போன். பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டுவிடு, நாலு பிள்ளைகளோடு விளையாடினால் தன்னால் பேசும் என்றார். சாமுவேலுக்கும் அதுதான் சரி என்று பட்டது. சனிக்கிழமைக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று. வேலையை விட என்னால் முடியாது, எங்கள் நிலைமை அப்படி. வருஷத்துக்கு இரண்டு தடவை லீவில் போய்ப் பார்க்கலாம். என்னை ஒருநாளும் அம்மா என்று கூப்பிடாத பிள்ளை, என்னை மறக்க எத்தனை நாள் ஆகும்?

அது ஒரு வியாழக்கிழமை. எனக்கு மதிய ஷிப்ட். காலையில் துணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஷைனி வந்து ‘காபி, காபி’ என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கலந்து கொடுத்தேன். டம்ளரைத் தட்டிவிட்டாள். மடித்து வைத்த துணியெல்லாம் காபி. முதுகில் ஒன்று வைத்தேன். அவள் சுவரோரம் போய் உட்கார்ந்து அழுதாள். நான் தரையைத் துடைத்துக்கொண்டே ஆண்டவரிடம் சண்டைக்குப் போனேன்.

“போதும் ஆண்டவரே. இவ பேசவே வேண்டாம். இவளுக்கு என்ன வேணும்னு எனக்கு ஒரு தடவ புரியட்டும். அதுகூட உம்மால முடியாதா?”

ஸ்தோத்திரமும் சொல்லவில்லை, ஆமென்னும் சொல்லவில்லை. துணியைப் பிழிந்து போட்டுவிட்டுச் சமைக்கப் போய்விட்டேன்.

மதியம் ஷைனியை அமுதா அக்காவிடம் விட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். காலையில் பதிவு செய்த சத்தம் சரியாக விழுந்திருக்கிறதா என்று போனைக் காதருகே வைத்துப் போட்டுப் பார்த்தேன். லாரி இரைச்சலில் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினேன். காலை ஷிப்ட் முடிந்து வேறொரு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டையோடு, என்னைத் தாண்டிப் போனவள் நின்று திரும்பினாள். சிரித்தாள்.

“அக்கா, பாப்பா யாரோடது? ஒடியா அழகா பேசுது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒடியா என்றால் என்ன என்று கேட்டேன். எங்க ஊர் பாஷை, ஒடிசா என்றாள். அவள் பெயர் பூர்ணிமா. இங்கே வந்து இரண்டு வருஷமாம். மறுபடி போடச் சொன்னாள். நான் போட்டேன். அவள் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ‘சோயிபி’ என்றால் தூங்கப் போகிறேன். ‘காய்பி’ என்றால் சாப்பிடப் போகிறேன்.

காபி இல்லை, காய்பி. பசிக்கிறது என்று கேட்ட பிள்ளைக்குக் காபி கொடுத்து, குடிக்கவில்லை என்று அடித்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனி பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டேன். அப்புறம்தான் பூர்ணிமாவிடம், அந்த மாசிபோ என்றால் என்ன என்று கேட்டேன்.

“மாசிபோ இல்லக்கா. மா, ஆசிபோ. அம்மா வருவாங்க.”

நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை வருஷமாக என் மகள் ஜன்னலில் நின்று, அம்மா வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வந்தது தெரிந்ததும் சந்தோஷத்தில் அதையே கத்தியிருக்கிறாள். அதை நான் ‘போ’ என்று கேட்டு அழுதிருக்கிறேன். அம்மா என்று கூப்பிடவில்லை, கூப்பிடவில்லை என்று பத்து மாதம் உபவாசம் இருந்தேனே, தினம் வாசலிலேயே கூப்பிட்டிருக்கிறாள்.

பூர்ணிமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சபிதா வீட்டுக்குப் போனேன். அவளை வைத்துத்தான் பேச முடிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். சபிதா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “பாப்பா சாப்பிட்டுச்சான்னு கேக்குறாங்க” என்றாள் பூர்ணிமா. இரண்டு வாரமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை பசிக்கிறது என்று அழுவது கேட்கிறதாம். நான் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறேன் என்று அவளுக்குப் புரியவே இல்லையாம். வேளாவேளைக்கு ஊட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தேன், வெட்கமாக இருந்தது.

அந்த போன் சமாசாரமும் அப்போதுதான் தெரிந்தது. சபிதாவுக்கு ஐந்து வயதில் ரீனா என்று ஒரு மகள் இருக்கிறாள். ஒடிசாவில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தினமும் மதியம் வீடியோவில் பேசுவாள். ரீனாவும் ஷைனியும் போனிலேயே சிநேகிதம். அங்கே ரீனா அழுதாலும் இங்கே ஷைனி அழுதாலும் இவள் சொன்ன பதில் ஒன்றுதான், அம்மா வருவாள். இரண்டு வருஷமாக இவள் ஊருக்குப் போகவில்லை. என் பிள்ளையிடம் சொன்னது தினமும் நடந்தது. தன் பிள்ளையிடம் சொன்னது இன்னும் நடக்கவில்லை. அவள் அழாமல்தான் சொன்னாள், பூர்ணிமாவால்தான் அதை முழுதாகத் தமிழில் சொல்லி முடிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே டிக்கெட்டை ரத்து செய்தோம். பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் போய்ப் படிவத்தைத் திருத்தி எழுதினேன். அவர்கள் சிரித்துவிட்டு, வயதுக்கு ஏற்ற பேச்சு இருக்கிறது, நீங்களும் இனி அவளோடு பேசுங்கள் என்றார்கள். அது எனக்குச் சுருக்கென்றது. சாப்பிடு, தூங்கு, சத்தம் போடாதே, இந்த மூன்றைத் தவிர நான் அவளிடம் என்ன தமிழ் பேசியிருக்கிறேன்? களைப்பு என்று ஒரு காரணம் எப்போதும் என்னிடம் இருந்தது.

ஷைனி மறுபடி சபிதாவிடம்தான் பகலில் இருக்கிறாள். மூன்று மாதத்தில் தமிழும் வந்துவிட்டது. இப்போது இரண்டு பாஷையிலும் என்னை அதட்டுகிறாள், ஐந்து நிமிஷம் வாயை மூடு என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. சாமுவேல் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிட்டார். அமுதா அக்கா சபிதாவை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தவமணி சிஸ்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. “அந்நிய பாஷைதான்னு நான் அன்னைக்கே சொன்னேன். அர்த்தம் சொல்லவும் ஆள் வந்துச்சா இல்லையா?” என்கிறார்கள். அவர்களோடு யார் வாதாடுவது?

சகோதரிகளே, எனக்கு ஆண்டவரிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இதைப் பத்து மாதம் முன்னாலேயே காட்டியிருக்கலாமே என்று கேட்கத்தான் செய்கிறேன். ஆனால் ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அன்று காலையில் தரையைத் துடைத்துக்கொண்டு நான் கேட்டது வேறு ஒருவர் காதிலும் விழவில்லை. சாயங்காலத்துக்குள் கேட்டபடியே, ஒரு எழுத்து மாறாமல் கிடைத்தது. அவள் நாவை அவிழ்க்கச் சொல்லிக் கேட்டேன், அது கட்டப்படவே இல்லை. எனக்குப் புரிய வேண்டும் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவர் சட்டென்று கொடுத்துவிட்டார். அவருக்கு நான் நன்றியுள்ளவள். பிள்ளையை நினைத்துக் கலங்கிக்கொண்டிருக்கிற தாய்மாரே, டாக்டரிடமும் போங்கள், பக்கத்து வீட்டுக்காரியிடமும் பேசுங்கள், அவரையும் விடாதீர்கள். அவர் கேட்கிறார்.

இப்போது நானும் சபிதாவும், நான் வீட்டில் இருக்கிற நாளெல்லாம் மதியம், ரீனா அங்கே போனை வைத்த பிறகு, ஐந்து நிமிஷம் ஜெபிக்கிறோம். சபிதா அவள் பாஷையில், நான் என் பாஷையில். ரீனா இந்த வருஷமே தன் தாயிடம் வந்து சேர வேண்டும். இதை வாசிக்கிற நீங்களும் எங்களோடு சேர்ந்து கேளுங்கள். தாமதம் செய்யாதேயும், சீக்கிரம் செய்யும் என்று அடித்துக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துதான் நான் பத்து மாதத்தை வீணாக்கினேன்.