கூழ் உறிஞ்சும் சத்தம்

சுனாமிக்கு அடுத்த வருஷம். பயிர் வைக்கத் தண்ணீர் இல்லாததால் நான் மரக்காணம் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உப்புக்கூடையைத் தலைக்கு ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் வேலை செய்வோம். எனக்கு ஜோடியாக அமைந்தவள் காலனியைச் சேர்ந்தவள், நான் ஊர்த்தெரு. அவள் தூக்கிவிட்டால் கூடை கழுத்தை நெரிக்காது. ஒரு மாதத்தில் அவளிடம் சொல்லாத கதை என்னிடம் மிச்சமில்லை.

ஒன்பது மணிக்கு எல்லோரும் வரப்பில் வரிசையாகக் குந்தித் தூக்குவாளியைத் திறப்பார்கள். எனக்குச் சனி பிடிப்பது அங்கேதான். கூழை உறிஞ்சுகிற சத்தமும், வெங்காயத்தை நறுக்கென்று கடித்து மெல்லுகிற சத்தமும் காதில் விழுந்தால் போதும், உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அந்த வாளியைப் பிடுங்கிப் பாத்தியில் வீசலாமா என்றிருக்கும். லாரி ஹாரன் என்னை ஒன்றும் செய்யாது, மனுஷர் வாய்தான் ஆகாது. இதற்கு மிசோபோனியா என்று ஒரு பெயர் இருப்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு, எனக்குப் புத்தி சரியில்லை என்றே நினைத்திருந்தேன்.

அதனால் தினமும் நாலு பாத்தி தள்ளிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவேன். ஊர்த்தெருப் பெண் காலனிப் பெண்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மடச்சி எனக்கு அது உறைக்கவில்லை.

ஒருநாள் காலையில் அவள் வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"கூடைய தூக்கிவுட மட்டும் நான் வேணும், பக்கத்துல குந்தி துன்னக் கூடாதா? போம்மா, ஒங்க ஊர்க்காரங்க பவுசு எனக்குத் தெரியாதா?"

அழுகை வந்துவிட்டது. அப்படி இல்லை, சத்தம்தான் தாங்கவில்லை என்றேன்.

"அது இன்னா, நாங்க துன்ற சத்தம் மட்டும் ஒனக்கு ஆவாது?"

"எங்கப்பா துன்னாலும் ஓடிடுவேன். வேணும்னா ஊட்டுக்கு வந்து பாரு" என்றேன் ரோஷத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே வந்து நின்றாள். உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். அப்பா முகம் சுண்டியது. அம்மா அவருக்குச் சோறு போட்டாள். ரசத்தை இரண்டு வாய் உறிஞ்சியிருப்பார், நான் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன். அவள் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை வெடவெடவென்று நடுங்கியது.

"மெய்தான்டி! பெத்த அப்பன் துன்ற சத்தத்தையே தாங்க மாட்டேங்கிறியே!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். பாரம் இறங்கிய சிரிப்பு அது. எனக்கும் சிரிப்பு வந்தது.

உள்ளே சத்தம் நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் நான் எழுந்து போவதை அவர் மரியாதை என்றே நினைத்திருந்தார். "எம்பொண்ணு நான் சாப்புடறப்ப எதிர்ல நிக்க மாட்டா" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமை பேசியவர். எட்டிப் பார்த்தேன். பாதிச் சோற்றோடு தட்டிலேயே கை கழுவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவள் மறுபடி என் ஜோடியானாள். கூழ் வேளையில் நான் தள்ளிப் போனால், "அதுக்குக் காது கோளாறு" என்று அவளே மற்றவர்களிடம் சொல்லிவிடுவாள்.

அப்பா அன்றிலிருந்து மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அம்மா கேட்டதற்கு, "இங்க காத்து நல்லா வருது" என்றார். உள்ளே வாப்பா என்று ஒரு தடவை நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார், மறுபடி என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். அதற்குப் பயந்தே நான் கூப்பிடவில்லை.