ஒன்பது ரேக்கைத் திறந்த ரூல்ஃபீன்

ரூல்ஃபீன் ஹடர்ஸ் எங்கள் ஊர் வழியாகப் போகும் இருபத்தேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறாள். வயது ஐம்பத்தொன்பது. அவள் யாரிடமும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் எதையும் மறக்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் தன் மதிய ரொட்டியைத் திருடித் தின்றவளின் பெயரை, அவள் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிக்கொண்ட பெயரோடு சேர்த்து இன்றும் சொல்வாள். பதினெட்டு வருஷமாக நான் பக்கத்து வீட்டில் இருப்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

அவள் கணவர் யானஸ் உருளைக்கிழங்கு மாவு ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் நீராவிக் குழாய்களின் வால்வுகளைப் பார்த்துக்கொண்டவர். ஒரு வால்வைச் சரியாக மூடாமல் விட்டால் மூன்று பேர் வெந்து சாவார்கள் என்பார். அவர் காலத்தில் யாரும் வேகவில்லை. அதைத் தவிர அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது எதுவுமில்லை.

அவர் ஓய்வு பெற்றதும் இருவரும் கேரவனை விற்றுவிட்டு ஆளுக்கொரு மின்சார சைக்கிள் வாங்கினார்கள். கேரவனை இழுத்த இரும்புக் கொக்கி காரின் பின்னால் அப்படியே இருந்தது. அதன் மேல் மாட்டுகிற சைக்கிள் ரேக் ஒன்று மட்டும்தான் தேவை. ஊர் நுழைவில், ரவுண்டானா பக்கத்தில் ஹார்ம் ஓல்தோஃபின் கார் சாமான் கடை. ஹார்ம் நல்ல பேச்சுக்காரன்.

"இதப் பூட்டிட்டு சாவியத் தொலைச்சீங்கன்னா வெல்டிங்காரனத்தான் கூப்பிடணும் யானஸ். ஒவ்வொரு ரேக்குக்கும் தனிச் சாவி. நானே நினைச்சாலும் திறக்க முடியாது" என்றான். வாங்கிவிட்டார்கள். நானும் அடுத்த மாதம் அதையே வாங்கினேன்.

ஜூனில் அவர்கள் சேலாந்துக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பிரேடா நகரத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் காபியும், க்ரோக்கெட் என்ற பொரித்த உருளை வைத்த பன்னும் சாப்பிட இருபது நிமிஷம் நின்றார்கள். திரும்பி வந்து பார்த்தால் ரேக் காலியாக இருந்தது. சக்கரங்களைக் கட்டிய பட்டைகள் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. பூட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை, சாவி போட்டுத் திறந்த மாதிரி திறந்து கிடந்தன. ரேக்கில் எடை குறைய, கிளம்பும்போதே இருவரும் பேட்டரிகளைக் கழற்றி டிக்கியில் வைத்திருந்தார்கள். சைக்கிள் இல்லாத இரண்டு பேட்டரிகளோடு வீடு திரும்பினார்கள்.

உடைத்த அடையாளம் இல்லாததால் காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். இருவரும் ஹார்மிடம் போனார்கள். கடையில் வேறு மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஹார்ம் ரேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பூட்டு உடையலயே. அப்போ பூட்டவே இல்லன்னுதானே அர்த்தம்? யாரு பூட்டினது?"

"நான்தான்" என்றார் யானஸ்.

"அறுபத்தாறு ஆச்சில்ல உங்களுக்கு? எங்கப்பாவும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு. அடுப்ப அணைச்சேனா, கதவ மூடினேனான்னு. கடைசில என்னையே யாருடா நீன்னு கேட்டாரு."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் யானஸும் சிரித்தார். திருட்டுப் போனதைக்கூட ரூல்ஃபீன் ஒருவேளை விட்டிருப்பாள். யானஸ் சிரித்த அந்தச் சிரிப்பை அவளால் விட முடியவில்லை.

அதற்குப் பிறகு யானஸ் மாறிப்போனார். தெருக்கோடி வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து கதவைத் தள்ளிப் பார்ப்பார். மறுபடியும் வருவார். மூன்றாவது தடவை நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பது தெரிந்தால் தோட்டத்தில் ஏதோ தேடுவது போல் குனிவார். அடுப்பு, குழாய், கதவு, கார் என்று ஒரு காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தார்.

"நான் பூட்டினேனா ரூல்ஃபீன்?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்பார்.

"பூட்டினே. நான் பார்த்தேன்."

"நீ கோட்ட எடுக்க முன்சீட்டுப் பக்கம் போயிருந்தே."

அவள் தட்டைக் கழுவப் போவாள். போகும்போதும் வரும்போதுமாக அவள் பஸ் ஒரு நாளைக்கு எட்டு தடவை ஹார்மின் கடையைத் தாண்ட வேண்டும். கொடிகள் பறக்கும். அவன் வாசலில் யாருக்காவது ரேக் மாட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பான். "எட்டு தடவயும் அவன பஸ்ஸால ஏத்திட்டுத்தான் போறேன், மனசுக்குள்ள" என்று என்னிடம் சொன்னாள்.

அடுத்த பிப்ரவரியில் என் ரேக்கின் சாவி தொலைந்துபோனது. ரேக் காரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நான் ரம்பம் கடன் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன்.

"ரம்பத்துக்கு முன்னாடி என் சாவியப் போட்டு ஆட்டிப் பாரு. சில பூட்டு ஏமாறும்" என்று விளையாட்டாகத் தன் சாவியை எடுத்து வந்தாள்.

சாவி வெண்ணெயில் போவது போலப் போய்ச் சுழன்றது. பூட்டினாள். மறுபடி திறந்தாள். சைக்கிளைப் பிடிக்கும் கைகளின் பூட்டையும் திறந்தாள். சாவியில் பதினான்கு என்று பொறித்திருந்தது. என் பூட்டின் ஓரத்திலும் அதே பதினான்கு.

அவள் இரண்டு எண்களையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை.

"உடனே யானஸ்கிட்ட சொல்லு. பேப்பர்காரங்களுக்கும் சொல்லிடலாம்" என்றேன்.

"பேப்பர்ல போட்டா அவன் பேப்பர்ல பதில் சொல்லுவான், நல்லா எழுதுவான். என் வீட்டுக்காரன அவன் கடையில நிக்க வெச்சு சிரிச்சான். அங்கயே, ஆளுங்க முன்னாடிதான் நான் கேக்கணும். ஏப்ரல்ல ரேக் சனிக்கிழமை வருது, எல்லா ரேக்கையும் கடையில வரிசையா வெச்சு விப்பான். ஊரே வரும்."

"அதுக்கு ஏழு வாரம் இருக்கே. அதுக்குள்ள வேற யாரோடதாவது போச்சுன்னா?"

"போனா போகட்டும். நீ வாயத் திறக்காதே."

நான் திறக்கவில்லை. மார்ச்சில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் சைக்கிள், ஹார்மின் ரேக்கிலிருந்து, கடற்கரையில் போனது. பஸ்ஸில் அந்தப் பெண்ணே ரூல்ஃபீனிடம் சொல்லி அழுதாள். ரூல்ஃபீன் டிக்கெட் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள், ஏதோ பஸ் நேரம் சொல்வது போல. அன்று மட்டும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

ஏப்ரலில் அந்தச் சனிக்கிழமை நானும் அவர்களோடு போனேன். கடை நிறைந்திருந்தது. பதினொரு ரேக்குகள் வரிசையாக நின்றன. ரூல்ஃபீன் இரண்டு பழைய சைக்கிள்கள் வாங்கியிருந்தாள். அவற்றுக்கு வேறு ரேக் பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்லி யானஸைக் கூட்டி வந்திருந்தாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரமாகவே நின்றார்.

ஹார்ம் பழையதை மறந்தவன் மாதிரி வந்து கை குலுக்கினான். ரூல்ஃபீன் நிதானமாகக் கேட்டாள். எவ்வளவு எடை தாங்கும்? சைக்கிளோடு பின்னால் சாய்த்து டிக்கியைத் திறக்கலாமா? ரேக்கையே கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டால்? ஒவ்வொரு கேள்விக்கும் ஹார்ம் குரலை உயர்த்தி, பின்னால் நின்றவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொன்னான். கூட்டம் நெருங்கி வந்தது. அதைத்தான் அவள் எதிர்பார்த்தாள்.

"சாவி எல்லாம் தனித்தனியா?"

"தனித்தனி. ஒருத்தர் கைரேக மாதிரி இன்னொருத்தருக்கு இருக்குமா?"

"இன்னொரு தடவ சொல்லுங்க. கடைசில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவன் மறுபடி சொன்னான்.

ரூல்ஃபீன் கோட்டுப் பையிலிருந்து தன் சாவியை எடுத்து முதல் ரேக்கைத் திறந்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவதைத் திறந்தாள், மூன்றாவதை, நான்காவதை. ஒவ்வொன்றையும் திறந்து, கையைத் தூக்கிக் காட்டி, அடுத்ததற்குப் போனாள். அவசரப்படவே இல்லை. ஒன்பது ரேக்குகள் திறந்தன. வேறு கம்பெனியின் இரண்டு மட்டும் திறக்கவில்லை.

"என் கார் வெளிய நிக்குது" என்று ஒரு அம்மா ஓடினாள். பின்னாலேயே ஐந்தாறு பேர் ஓடினார்கள். அவர்கள் தங்கள் சாவிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக் கத்துவது உள்ளே கேட்டது.

"ரூல்ஃபீன், உள்ள வாங்க. காபி குடிச்சிட்டுப் பேசுவோம்" என்றான் ஹார்ம். காது வரை சிவந்திருந்தான்.

"இங்கயே பேசலாம்."

"எனக்கு இது தெரியவே தெரியாது. சத்தியமா."

கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்தாள். "போன இலையுதிர் காலத்துலயே ரேக் கம்பெனிக்காரங்க கடிதம் போட்டாங்களே ஹார்ம். சாவிய மாத்தித் தரச் சொல்லி. நான்தானே பிரிச்சுக் குடுத்தேன்" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, நினைவுபடுத்தினாள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ரூல்ஃபீன் யானஸைக் கைகாட்டினாள். "அவர்கிட்ட சொல்லுங்க."

ஹார்ம் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

"கேக்கல."

"நீங்க பூட்டித்தான் இருந்தீங்க யானஸ்."

"அப்பா கதையும் சொன்னீங்களே அன்னைக்கு" என்றாள் ரூல்ஃபீன்.

"அது... தப்பு. மன்னிச்சிடுங்க."

யானஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். காரில் ரூல்ஃபீனின் முகம் ஜொலித்தது. யானஸ் தொப்பியைக் கழற்றாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வாசலில் கார் நின்றதும் கேட்டார்.

"எப்போலேருந்து உனக்குத் தெரியும்?"

"பிப்ரவரி."

"ஏழு வாரமா நான் தினமும் கதவ மூணு தடவ தள்ளிப் பார்த்தேன். நீ சமையலறையிலேருந்து பார்த்துட்டே இருந்தே."

"உனக்காகத்தானே யானஸ்."

"எனக்காகன்னா அன்னைக்கே சொல்லியிருப்பே."

நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இறங்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ரூல்ஃபீன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

அடுத்த வாரம் யானஸ் தனியாக ஸ்வோலே நகரம் வரை போனார். ஒரு கடையில் நாலு மணி நேரம் நின்று, இருந்த எல்லாச் சாவிகளையும் எல்லா ரேக்குகளிலும் போட்டுப் பார்த்தாராம். கடைக்காரன் முதலில் எரிச்சல்பட்டு, அப்புறம் உதவி செய்தானாம். தன் சாவியைத் தவிர வேறெந்தச் சாவியும் திறக்காத ஒரு ரேக்கை வாங்கி வந்தார். பூட்டு நாக்கு எஃகுக் கைக்குள் முழுசாக இறங்குவதை எனக்குக் காட்டினார். ஃப்ரிட்ஜில் இருந்த காகிதத்தை அவரே கிழித்துவிட்டார். ரேக்கின் இரண்டு சாவிகளும் அவர் பையிலேயே இருக்கின்றன. ரூல்ஃபீன் ஒன்றைக் கேட்டாள். தரவில்லை.

ஹார்மின் கடை செப்டம்பரில் மூடியது. இப்போது அவன் ஊருக்கு வெளியே செடிகள் விற்கும் பெரிய கடையில் மண் மூட்டைகளைக் கார்களில் ஏற்றுகிறான். ரூல்ஃபீன் சனிக்கிழமை தவறாமல் அங்கே போகிறாள். ஒரு மூட்டை நாற்பது லிட்டர் மண், தூக்கினால் இடுப்பு நோகும் கனம். அவள் தோட்டக் கொட்டகையில் சைக்கிளை நிறுத்த இடமில்லை, மண்தான்.

"இன்னும் எத்தனை வாரம்?" என்று போன வாரம் கேட்டேன். நான் அவளோடு போயிருந்தேன்.

"அவன் இடுப்பு எப்படி இருக்குன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

ஹார்ம் மூட்டையை டிக்கியில் இறக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். அவளை நேராகப் பார்க்காமல், "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டான்.

"இன்னும் ரெண்டு" என்றாள் ரூல்ஃபீன்.