மீன்காரி ஒதீல் பை வாங்கப் போன கதை

பாரிஸில் அலிக்ர் சந்தைக்குப் போய், ஒதீல் கெரானின் மீன்கடை முன்னால் நிற்கும் வரிசையை நூல் பிடித்துப் பார்த்தாலும் ஒரு விரற்கடை கோணல் கண்டுபிடிக்க முடியாது. கயிறு கட்டவில்லை, சீட்டுக் கொடுக்கவில்லை. எல்லாம் அவள் கண் பார்த்துக்கொள்ளும். கணவாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டே, தலை நிமிராமல், யாருக்குப் பின்னால் யார் வந்தார்கள் என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை பக்கத்துத் தேவாலயத்துப் பாதிரியார், பூசைக்கு நேரமாகிறதென்று நடுவில் நுழையப் பார்த்தார். "கடவுள் காத்திருப்பாரு சாமி, இந்தம்மா பஸ் காத்திருக்காது. பின்னாடி போங்க" என்று அனுப்பிவிட்டாள். சேன் நதியிலிருந்து மத்தி திருட வரும் கடற்பறவைகள்கூட அவள் கடையில் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இறங்கும். நம்பாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆசை இருந்தது. தங்கமில்லை, வைரமில்லை, ஒரு கைப்பை.

இளவயதில் ஒரு மாளிகைக் கல்யாணத்துக்குச் சிப்பித் தட்டு சுமந்துகொண்டு போனவள் அவள். விருந்து மேசையில் ஒரு சீமாட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் பட்டுத் திண்டு. திண்டின் மேல் ஒரு தோல் பை. பை சௌகரியமாக உட்கார்ந்திருந்தது, ஒதீல் நின்றுகொண்டிருந்தாள். வேறொருத்தியாக இருந்தால் வயிறெரிந்திருப்பாள். ஒதீல் பையைத்தான் பார்த்தாள். செங்கெண்டை முதுகின் செதிலைப் போல ஒன்றோடொன்று இசைந்த தையல். நல்ல சரக்கு எதுவானாலும் அவளுக்குக் கண்டதும் தெரியும். "இதே மாதிரி ஒண்ணை வாங்கி மடியில வச்சுக்கிட்டு, நாற்காலியில நான் உக்காருவேன்" என்று அன்றைக்கே தனக்குள் சொல்லிவைத்தாள்.

பணத்தை அவள் டிசம்பர் மாதத்துச் சிப்பி வியாபாரத்திலிருந்து வருஷா வருஷம் ஒதுக்கிச் சேர்த்துவிட்டாள். ஆனால் அந்தப் பையை விற்கிற கடை பணத்துக்கு மயங்குகிற கடையா? வெளியூர்க் கிளைகளில் முதலில் கழுத்துத் துணி வாங்க வேண்டும், காப்பிக் கிண்ணம் வாங்க வேண்டும், விற்பனைப் பெண்ணின் நாய்க்குட்டியை நலம் விசாரிக்க வேண்டும். பல வருஷம் கழித்து ஒரு நாள் பை கண்ணில் படும். பாரிஸில் அந்தக் கதை இல்லை. போக நினைக்கிற நாளுக்கு முதல் நாள் கைபேசியில் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதி அனுப்ப வேண்டும். கடைக்குள் வரலாமா கூடாதா என்று சாயங்காலம் பதில் வரும். ஒரு ஆளுக்கு ஒரு கைபேசி, ஒரு நாளுக்கு ஒரு விண்ணப்பம், மிச்சமெல்லாம் குலுக்கல். சீமாட்டிக்கும் மீன்காரிக்கும் அதில் வித்தியாசமில்லை. ஒதீலுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போனது. "அவங்களும் நம்ம சாதிதான், வரிசை மதிக்கிறவங்க" என்றாள்.

தினமும் கடையைக் கழுவியதும் அவள் கைபேசியை எடுப்பாள். விரலில் ஒட்டிய செதிலால் கண்ணாடி அவள் விரலையே ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்து எழுதி அனுப்புவாள். சாயங்காலம் அதே பதில்: வருந்துகிறோம்.

"இன்னிக்கும் வருந்துறாங்களா, ஜோடிப்புறா?" என்பார் புருஷன் ரெமோன், கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"வருந்தட்டும். நல்லா வருந்தட்டும். நாளைக்கும் வருந்த வைக்கிறேன்."

"அந்தக் காசுக்கு வண்டியில புது ஐஸ்பெட்டி போடலாம்."

"ஐஸ்பெட்டியை மடியில வச்சுக்கிட்டு நான் எங்க போறது?"

எதிர்க்கடை சீஸ்காரன் தியெரிக்குத்தான் இது தீராத வேடிக்கை. ஆள் வாட்டசாட்டம், வாய் அதைவிட. "உன்னை அந்த வாசல்ல விட்டாங்கன்னா, ஒதீல், பாரிஸ் பூனையெல்லாம் உன் பின்னாடியே உள்ள போயிடும்!" என்று சந்தையே கேட்கக் கத்துவான். ஒருநாள் அது பந்தயத்தில் முடிந்தது. அவள் பையோடு வந்தால் ஒரு மாதம் அவளுடைய ஐஸ் பெட்டிகளைத் தியெரி இறக்க வேண்டும். வெறுங்கையோடு வந்தால், அவள் விலை எழுதும் கரும்பலகையில் "மீனைவிடச் சீஸ் மேல்" என்று தன் கையாலேயே எழுதி ஒரு மாதம் தொங்கவிட வேண்டும். தியெரி அதற்காக ஒரு புதுச் சாக்கட்டியே வாங்கி அவள் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நல்ல கூட்டம். ஒட்டக நிறக் கோட்டுப் போட்ட இளம்பெண் ஒருத்தி வரிசையின் பக்கவாட்டில் நழுவி முன்னால் வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க மதாம், வாங்க வரல, ஒரே ஒரு கேள்விதான். நாக்குமீன் இருக்கா?"

"கேள்விக்கும் வரிசை உண்டு, கண்ணு. வால்ல போய் நில்லு."

வரிசை மொத்தமும் சிரித்தது. அந்தப் பெண் காது சிவக்க வாலுக்குப் போய் நின்றாள். அவள் முறை வந்தபோது நாக்குமீன் தீர்ந்துவிட்டது என்றாள் ஒதீல். அந்தப் பெண் மத்தியை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை, சந்தைக்கு விடுமுறை. ஒதீல் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது கைபேசி சிணுங்கியது. வருந்தவில்லை. மகிழ்ச்சி அடைந்திருந்தார்கள்! நாளை பிற்பகல், அடையாள அட்டையோடு வரவும். ஒதீல் போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர் தீயணைப்பு நிலையத்துக்கே சொல்லிவிட்டார் என்பது அந்தத் தெருவில் இன்றும் பேச்சு.

செவ்வாய்க்கிழமை கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் எலுமிச்சை பிழிந்து தேய்த்துக்கொண்டு புறப்பட்டாள். வாசலில் காவல்காரர் கைபேசியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "உள்ள வாங்க, மதாம் கெரான்" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். அவளுக்குப் பின்னால் முத்துமாலை போட்ட ஓர் அம்மாள் நேரம் குறிக்காமல் வந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள். காவல்காரர் அசையவில்லை. ஒதீலுக்கு அவர்மேல் அண்ணன்போல் ஒரு பாசம் வந்தது.

உள்ளே ஒரு மெத்தை நாற்காலியைக் காட்டினார்கள். உட்கார்ந்தாள். நடந்து வந்தாள் விற்பனைப் பெண். சட்டையில் குத்திய சிறிய பட்டையில் கிளெமான்ஸ் என்று பெயர். கோட்டு இல்லாவிட்டாலும் அந்தக் காதை ஒதீலுக்குத் தெரியாதா? இப்போதும் சிவந்திருந்தது.

"வணக்கம் மதாம்" என்றாள் கிளெமான்ஸ். "நாம முன்னாடியே பாத்திருக்கோம்."

"ஆமா. வால்ல."

"அன்னிக்கு எங்க வீட்டுல விருந்து. மாமியார் வந்திருந்தாங்க. மத்தி வறுத்து வச்சேன்."

"மத்தி நல்ல மீனு."

"மாமியார் அப்படிச் சொல்லல."

ஒதீலின் நெஞ்சுக்குள் கரும்பலகை ஆடியது. பை உள்ளறையில் இருக்கிறது. எடுத்து வருவதும், "இன்னிக்கு ஒண்ணுமில்ல மதாம்" என்று சிரிப்பதும் இந்தப் பெண்ணின் கையில். தெரியாத்தனமாகச் சொல்லிட்டேன் கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் தெரியாத்தனமாகவா சொன்னாள்? இத்தனை வருஷம் நூல்போல் நின்ற வரிசையை ஒரு பைக்காக அவளே கோணலாக்குவதா? வாயை இறுக்கிக்கொண்டாள்.

"என்ன மாதிரி பை தேடுறீங்க?" என்றாள் கிளெமான்ஸ்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுவார்கள். இன்ன பெயர், இன்ன அளவு என்று அந்தப் புகழ்பெற்ற பையை வாய்விட்டுக் கேட்டுவிடுவார்கள். உடனே உள்ளறை காலியாகிவிடும். ஒதீல் கேட்கவில்லை. பெரிய மீனை அதட்டிக் கேட்கிறவனுக்கு அவள் கடையிலும் அது கிடைத்ததில்லை.

"மூக்குக் கண்ணாடி வைக்கணும். சில்லறைப் பை, ஒரு சின்னக் கத்தி, பாதி ரொட்டி வைக்கணும். கடல் மாதிரி ஒரு நெறம். அவ்வளவுதான் என் கதை. மிச்சத்தை உங்க கண்ணுக்கு விட்டுட்டேன்."

கிளெமான்ஸ் புருவத்தை உயர்த்தினாள். "உள்ள பாத்துட்டு வரேன்" என்று போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. வரும்போது தட்டில் ஒரு சின்னஞ்சிறு பை. மிட்டாய் ரோஜா நிறம். அதில் கண்ணாடியின் ஒரு காதுகூட நுழையாது.

அங்கே வழக்கம் என்னவென்றால், கொடுத்ததை வாங்கிக்கொள்வது. வேண்டாம் என்றால் அன்றைய முறை முடிந்தது. மறுபடி குலுக்கல், மறுபடி வருந்துகிறோம். இதை வாங்கினால் பந்தயம் அவளுடையது. பை பைதானே, தியெரிக்கு நிறமா தெரியப்போகிறது?

ஒதீல் அதைக் கையில் எடுத்தாள். தையலைத் தடவினாள். திருப்பித் தட்டில் வைத்தாள்.

"தங்கமான வேலை. ஆனா என்னோடது இல்ல. எனக்குப் பின்னாடி வர்றவங்க யாருக்காவது இது உயிரா இருக்கும், அவங்களுக்குக் குடுங்க."

"மதாம், இங்க யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல. இதுக்காக அழுதவங்க இருக்காங்க."

"அழட்டும். பிடிக்காத சரக்கைக் கொண்டுபோய் அலமாரியில அடைச்சா, அதைத் தைச்சவங்க அழுவாங்க."

கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பலகையில் என்ன எழுத்து, எந்த அளவில் எழுதுவது என்றுகூட மனசில் கணக்குப் போட்டுவிட்டாள். புதுச் சாக்கட்டி வேறு காத்திருக்கிறது.

"மதாம், ஒரே ஒரு கேள்வி" என்றாள் கிளெமான்ஸ்.

ஒதீல் திரும்பி வரிசை எங்கே என்று பார்ப்பதுபோல் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "யாரும் இல்ல. கேளு."

"அன்னிக்கு நாக்குமீன் நெஜமாவே தீந்துபோச்சா?"

"இல்ல. ஐஸுக்கு அடியில ஒண்ணு இருந்துச்சு. நல்ல தடிமன்."

"எனக்கு ஏன் குடுக்கல?"

"அது கேக்கறவங்களுக்கு இல்ல. வெண்ணெயில போட்டா அது என்ன ஆகும்னு புரிஞ்சவங்களுக்கு. நீ புதுசு, எனக்கு உன்னைத் தெரியாது. இன்னிக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

கிளெமான்ஸ் சிரித்தாள் பாருங்கள், அந்தக் கடையின் பளிங்குத் தரை அதுவரை கேட்டிராத சிரிப்பு. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உக்காருங்க மதாம். எங்க ஐஸுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கறேன்."

இந்த முறை உடனே வந்தாள். பிரான்ஸின் மேற்கே பிரெத்தாஞ் கடற்கரையில் மழைக்கு முன்னால் கடல் என்ன நிறமோ, அந்த நிறம். கண்ணாடி, சில்லறைப் பை, கத்தி, ரொட்டி எல்லாவற்றுக்கும் இடம். ஒதீலுக்குப் பேச்சு வரவில்லை. அவள் வாழ்க்கையில் அது இரண்டாவது முறை. முதல் முறை ரெமோன் கல்யாணத்துக்குக் கேட்டபோது.

புதன்கிழமை காலையில் சந்தையே அவள் கடை முன்னால் கூடிவிட்டது. தியெரி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கினான். அப்போதும் வாய் அடங்கவில்லை. "மகாராணி வந்திருக்காங்க, வழி விடுங்கப்பா!" என்று தன் கடையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, "பையை இதுல வை ஒதீல், ஈரம் படாது" என்றான்.

ஒதீல் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகை நேராக்கிக்கொண்டாள். "இப்ப ஐஸை இறக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையின் வாலில் ஒட்டக நிறக் கோட்டு நின்றது. தியெரி எதிரிலிருந்து கத்தினான்: "ஏ ஒதீல், பை குடுத்த பொண்ணு நிக்குது, முன்னாடி கூப்பிடு!"

"பை குடுத்தாலும் வால்தான். நீ ஐஸைப் பாரு."

கிளெமான்ஸும் நகரவில்லை. முன்னால் நின்ற பெரியவர் இடம் விட்டபோது, "வேண்டாங்க, எனக்கு முறை இருக்கு" என்று நிமிர்ந்து நின்றாள். கணவாய், மட்டி, மத்தி என்று வரிசை மெல்ல நகர்ந்தது. கடைசியில் அவள் முறை வந்தது. ஏதோ கேட்க வாயைத் திறந்தாள்.

"கேக்காத" என்றாள் ஒதீல். அவள் கை ஏற்கெனவே ஐஸுக்குள் முழங்கைவரை போயிருந்தது.